பொருளறைக்குள் ஓர் இருட்டறை

திருவண்ணாமலையில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஸ்டுடியோ மூடப்பட்டபோது, அதை நடத்திய பெரியவர் ஒரு மரப்பெட்டியைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினார். உள்ளே பன்னிரண்டு கண்ணாடி நெகட்டிவ்கள். எல்லாம் ‘ஹாஃப் பிளேட்’ அளவு, அதாவது 4¾ × 6½ அங்குலம். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது நம் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் தெரிந்தது. அதன் முன் நான்கு வரிசையில் மாணவர்கள், நடுவில் நாற்காலியில் ஆசிரியர்கள், தரையில் சாய்த்து வைத்த சிலேட்டுப் பலகை. முகங்கள் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருந்ததால் யாரையும் அடையாளம் காண முடியவில்லை.

இதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டலாமே என்றார் தலைமையாசிரியர். கைப்பேசியில் படமெடுத்து நிறத்தைத் திருப்பிப் போட்டால் ஐந்து நிமிட வேலை. அதைத்தான் முதலில் செய்தோம், நீங்களும் முதலில் அதையே செய்யுங்கள். கண்ணாடி கை தவறினால் மிஞ்சப்போவது அந்த மின்படி மட்டுமே. ஆனால் பத்தாம் வகுப்பில் ‘ஒளிச்சிதைவு’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோகும் வினையையும், லென்சு சமன்பாட்டையும் ஒரே அறைக்குள் மாணவர் கண்முன் காட்டும் வாய்ப்பு கைப்பேசியில் இல்லை. ஆகவே, ஆய்வகத்தை ஒட்டிய பொருளறையை இரண்டு நாளுக்கு இருட்டறை ஆக்கினோம்.

பழைய நெகட்டிவ் ஏன் இவ்வளவு பெரியது என்று மாணவர்கள் கேட்பார்கள். 1858-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் என்று சுற்றிய லின்னேயஸ் டிரைப், மெழுகேற்றிய தாளில் ஓர் அடிக்கும் மேல் அகலமுள்ள நெகட்டிவ்களை எடுத்தார். அன்றைக்குப் பெரும்பாலும் நெகட்டிவைத் தாள்மேல் நேராக வைத்து வெயிலில் காட்டித்தான் படி எடுத்தார்கள். எந்த அளவில் படம் வேண்டுமோ அந்த அளவில் நெகட்டிவ் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டிய நீள்படம் ஏறத்தாழ 19 அடி. இதற்கு நேர்மாறாக, 1950 ஏப்ரலில், ரமணரின் இறுதி நாள்களில், நம் ஊர் ஆசிரமத்தில் இருந்த பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் பயன்படுத்திய லைகா கேமராவின் நெகட்டிவ் 24 × 36 மி.மீ. மட்டுமே. அதைப் பெரிதாக்காமல் பார்க்கவே முடியாது. பழைய ஸ்டுடியோக்களில் இன்றும் கிடக்கும் உருப்பெருக்கி பெரும்பாலும் இந்தச் சின்ன பிலிமுக்கானது. ஹாஃப் பிளேட் அதற்குள் நுழையாது. நாமே ஒன்று செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் அறை. சன்னலுக்குக் கறுப்பு பாலிதீன் தாள் இரண்டு மடிப்பு, கதவுக்கு உள்ளும் புறமும் கறுப்புத் துணி. ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் காலமாக இருந்தால் கறுப்பு வேட்டிக்குக் கடைத்தெருவில் பஞ்சமே இல்லை. வேலையை இரவில் வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கிரிவல இரவில் நம் ஊர் விடியும்வரை விளக்கோடுதான் இருக்கும். எல்லாவற்றையும் மூடியபின் உள்ளே பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் பழகப் பழக, சாவித்துளையும் கதவின் அடியும் நட்சத்திரம் போலத் தெரியத் தொடங்கும். நான் ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். மூலையில் இருந்த ஸ்டெபிலைசரின் பச்சைப் பொட்டு விளக்கு என் கண்ணில் படவில்லை, தாளின் கண்ணில் பட்டுவிட்டது. முதல் தாள் சாம்பல் நிறமாக வந்தது.

கறுப்பு வெள்ளைத் தாளிலுள்ள சில்வர் உப்புகள் நீல ஒளிக்கும், தாளின் வகையைப் பொறுத்துப் பச்சைக்கும் வினைபுரியும். சிவப்பைக் கண்டுகொள்ளாது. ஆகவே சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். தீபத்துக்குக் கட்டும் சிவப்பு சீரியல் விளக்கு போதும். ஆனால் சில பல்புகள் உள்ளே வெள்ளை, மேலே சிவப்பு மூடி. ஒரு பழைய சி.டி.யில் அதன் ஒளியைப் பிரதிபலிக்கச் செய்து பாருங்கள். பச்சையோ நீலமோ எட்டிப் பார்த்தால் அந்த விளக்கு வேண்டாம். அதிலும் தேறினால், ஒரு துண்டுத் தாளின்மேல் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் அந்த விளக்கில் விட்டு உருத்துலக்குங்கள். நாணயத்தின் வட்டம் தெரியாவிட்டால் விளக்கு நல்லது.

உருப்பெருக்கிக்கு ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு அட்டைப்பெட்டிகளும், ஆய்வகத்தில் இருக்கும் 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சும் போதும். பின்னால் எல்.இ.டி. பேனல் விளக்கு, அதன்முன் பால்வெள்ளை அக்ரிலிக் தகடு, அதன்முன் நெகட்டிவ். குண்டு பல்பு வேண்டாம், அதன் சூட்டில் பழைய பூச்சு உரியக்கூடும். இரு மடங்கு பெரிதாக்க நெகட்டிவ் லென்சிலிருந்து 30 செ.மீ., தாள் 60 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். இதை நீங்கள் சொல்லாமல் மாணவர்களையே சமன்பாட்டில் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை சரியா என்பதை மதிப்பெண் சொல்லாது, எதிரே நிற்கும் இரும்பு பீரோவில் விழும் படம் சொல்லும். பீரோ ஏன் என்றால், தாளைக் காந்தத்தால் ஒட்டிவைக்கலாம்.

எங்கள் இரண்டாவது தாள் மங்கலாக வந்தது. கண்ணுக்குத் துல்லியமாகத்தான் குவித்திருந்தோம். சற்று யோசித்தபின் புரிந்தது. ஒற்றை லென்சு நீலத்தையும் மஞ்சளையும் ஒரே இடத்தில் குவிக்காது. நம் கண் மஞ்சள்பச்சையைப் பார்த்துக் குவிக்கிறது, தாளோ நீலத்தைப் பார்க்கிறது. விளக்கின்மேல் நீல செல்லோபன் தாளைப் போர்த்திக் குவித்து, பிறகு அதை எடுத்துவிட்டோம். லென்சுக்கு முன்னால் ஒன்றரை செ.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையையும் வைத்ததும் ஓரங்கள்கூட ஓரளவு தெளிந்தன. நிறப்பிறழ்ச்சியை இதைவிட நன்றாக நான் நடத்தியதில்லை.

நெகட்டிவின் எந்தப் பக்கம் லென்சைப் பார்க்க வேண்டும்? மங்கலாக, பளபளப்பின்றி இருப்பது பூச்சுப் பக்கம், அதுதான். சந்தேகமிருந்தால் படத்திலுள்ள சிலேட்டைப் பாருங்கள். பீரோவில் எழுத்து நேராக வாசிக்கும்படி விழுந்தால் சரி. கண்ணாடியை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். பூச்சுப் பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

எவ்வளவு நேரம் ஒளி காட்டுவது என்பதற்குச் சோதனைக் கீற்றுதான் வழி. ஒரு துண்டுத் தாளை அட்டையால் மறைத்து, ஐந்து ஐந்து விநாடியாக நகர்த்தித் திறந்துகொண்டே போகலாம். இரு மடங்கிலிருந்து மும்மடங்குக்குப் போனால் நேரம் நான்குக்கு ஒன்பது என்ற விகிதத்தில் கூடும் என்று மாணவர்கள் சொல்வார்கள். லென்சும் நகர்வதால் உண்மையில் அது ஒன்பதுக்குப் பதினாறு. பத்து விநாடி ஏறக்குறைய பதினெட்டு ஆகும்.

தாளுக்கு ஒரு காலத்தில் வெளியே போக வேண்டியதில்லை. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தயாரித்தது. அது மூடப்பட்டபின் இறக்குமதித் தாளைத்தான் வாங்க வேண்டும், விலை அதிகம். ஒரு தாளை நான்காக வெட்டிப் பழகுங்கள்.

மூன்று தட்டுகள்: உருத்துலக்கி, மூன்று மடங்கு நீர் கலந்த வினிகர், ஹைப்போ. உருத்துலக்கியை ஆசிரியர் மட்டுமே கலக்க வேண்டும். கையுறையும் இடுக்கியும் கட்டாயம், தோல் ஒவ்வாமை சிலருக்கு உண்டு. இருட்டுக்காகக் காற்றை அடைத்துவிடாதீர்கள். அரைமணிக்கு ஒருமுறை தாளை உறையில் மூடிவிட்டு அறையைத் திறந்துவிடுங்கள். கரைசல் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது என்கிறது பாக்கெட். நம் ஊரில் அது மார்கழியில் நடக்கும், மற்ற மாதங்களில் மண்பானைத் தண்ணீரும், தட்டுக்கு அடியில் ஐஸ் வைத்த பெரிய தாம்பாளமும் தேவை.

ஒளி காட்டிய தாளைத் தட்டில் போடும்போது அது வெறும் வெள்ளைத் தாள். மாணவர்கள் ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள். ஒளி செய்ததெல்லாம் ஒவ்வொரு சில்வர் உப்புத் துகளிலும் சில அணுக்களை வெள்ளியாக ஒடுக்கியதுதான். அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு மொத்தத் துகளையும் வெள்ளியாக்குவது உருத்துலக்கியின் வேலை. பதினைந்து விநாடியில் முதலில் தலைமுடி, பிறகு கதவு நிலை, அப்புறம் கண்கள். அன்று சிவப்பு விளக்கில் நின்ற ஒன்பது பேரில் ஒருவரும் பேசவில்லை.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். துருப்பிடிக்கும் வகை இரும்புக் கம்பி நாரை அதில் ஒரு வாரம் ஊறவிட்டால், இரும்பு கரைந்து வெள்ளி கருநிறச் சேறாகப் படியும். இடப்பெயர்ச்சி வினைக்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேதிப்பொருள் எதுவும் வேண்டாம். அதே அறையைப் பகலில் மூடி, சன்னல் தாளில் ஒரு செ.மீ. துளை மட்டும் போடுங்கள். எங்கள் பொருளறைச் சுவரில் அண்ணாமலை தலைகீழாகத் தொங்கியது, உச்சி தரையை நோக்கி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்து கால்களுக்கு இடையே பார்த்து மலையை நிமிர்த்திக்கொண்டார்கள்.

இப்படிப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கும். கண்ணாடிக்காகவும் வெள்ளிக்காகவும் விற்றுப்போனவை ஏராளம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோ படங்களை மின்படிகளாக்கியிருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல உள்ளூர்க்காரர்தான் வேண்டும். காய்ந்த படியை மாணவர்கள் தெருவில் எடுத்துப்போனார்கள். ஒரு பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் மூவருக்குப் பெயர் சொன்னார். ஒருவர் அவருடைய அண்ணன். மூன்றாம், நான்காம் வரிசைகளுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், முகம் சின்னதாக இருக்கிறதாம். பெட்டிகளை நீட்ட வேண்டும், அடுத்த சனிக்கிழமை.