சொல் வந்த வழி – 14: முழங்கை அழித்த கணக்கு

‘ஹன்ச்’ என்னும் ஆங்கிலச் சொல் முதலில் இடித்துத் தள்ளுதலையும் பிறகு கூனையும் குறித்ததும், கூனர் முதுகைத் தொட்டால் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் வரும் எனச் சூதாடிகள் நம்பியதாகச் சொல்லப்படுவதும் சென்ற வாரமே எழுதப்பட்டன. காரணம் காட்ட இயலாமல் மனத்தில் தோன்றும் முடிவு என்ற இன்றைய பொருள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சில் வேரூன்றியது.

அதே பொருளில் வழங்கும் ‘பட்சி சொல்லுது’ என்னும் காசிமேட்டு வழக்கே இவ்வாரத்துக்கு உரியது எனினும், சென்னைத் துறைமுகத்தின் எழுத்தர் ஒருவர் குறுக்கிட்டுவிட்டார். 1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் சேர்ந்த சீனிவாச இராமானுஜன், 1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் தேற்றங்கள் நிறைந்திருந்தன. அவை ஏன் உண்மை என்று படிப்படியாகக் காட்டும் நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. தேற்றங்களை அவர் தம் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருள் என்றார். உலகம் உள்ளுணர்வு என்றது. ஆனால் தாள் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றியவரிடம், வந்த வழி அழிந்துபோயிற்று என்பதால் வழியே இருந்ததில்லை என்று கொள்வது பிழை.

அவருடைய 1916ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்குச் சான்று. ஒன்றிலிருந்து x, x-இன் இருபடி, முப்படி என ஒவ்வொன்றையும் தனித்தனியே கழித்து, கிடைப்பவற்றையெல்லாம் பெருக்கி, அப்பெருக்கத்தை 24ஆம் படிக்கு உயர்த்தி, மீண்டும் x-ஆல் பெருக்கி விரித்தால் வரும் குணகங்களே, அதாவது x-இன் படிகளுக்கு முன் நிற்கும் எண்களே, ‘டௌ’ எனப்படுகின்றன. இரண்டாம் எண் −24, மூன்றாவது 252, ஆறாவது −6048. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினால் சரியாக ஆறாவது கிடைக்கிறது. முப்பது எண்கள் வரை அட்டவணையிட்ட பின்னரே பொதுக் காரணி இல்லாத எண்களுக்கெல்லாம் இப்பண்பு பொருந்தும் என்று அவர் ஊகித்தார். கணிதவியலாளர் மார்டெல் 1917இல் அதை நிறுவினார். பகா எண்களுக்குரிய டௌ எவ்வளவு பெரிதாகலாம் என்ற இராமானுஜனின் மற்றோர் ஊகமோ, 1974இல் டெலீன் நிறுவும்வரை 58 ஆண்டுகள் காத்திருந்தது. முப்பது எண்களைக் கையால் கணக்கிட்டவரின் முடிவைத் திடீர்த் தோற்றம் என்பது அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஊகம் தவறியதும் உண்டு. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றிச் சொன்னது, தொடக்கத்து எண்களுக்கு வியப்பூட்டும் அளவு பொருந்தினாலும், அவர் கோரிய அளவுக்கு எப்போதும் துல்லியமானதன்று.

1914 மார்ச் 17 அன்று, முன்பு கணக்கெழுதிய அதே துறைமுகத்திலிருந்து நெவாசா கப்பலில் அவர் இங்கிலாந்து புறப்பட்டார். ‘பட்சி சொல்லுது’ என்னும் வழக்கும், வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் ஆகிய ஐந்தைக் கொண்ட பஞ்சபட்சி சாத்திரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன.