கல்லில் வந்த பாரசீகம்

பாரசீக நாட்டை ஒருமுறையேனும் கண்ணாற் கண்டுவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய அவா. கி.மு. 330 இல் அலெக்சாந்தரின் படை தீக்கிரையாக்கிய பெர்சிபோலிஸ் நகரத்துத் தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்பதைப் படங்களிற் பார்த்து ஏங்கியதுண்டு. ஸஅதியும் ஹாபிஸும் துயிலும் ஷிராஸ் நகரத்தையும், இஸ்பஹானின் நீலவண்ணக் கும்மட்டங்களையும் பற்றி வாசித்து, அந்தத் தெருக்களிலே கனவில் நடந்ததுமுண்டு. ஆனால் தமிழ்ப் பண்டிதன் ஒருவனுடைய யாத்திரை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குமாகவே முடிந்துவிடுகின்றது. முப்பது ஆண்டுகளாக இதே பஸ் பாதைதான்.

இந்த அவாவுக்கு ஒரு வழி திறந்தது ஒரு மாணவனுடைய வினாவினால். அந்த வினாவுக்கு நான் கூறிய விடையை எண்ணினால் இன்றும் நாணமாக இருக்கின்றது.

கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு என் வகுப்பு மாணாக்கரை அழைத்துச் சென்றிருந்தேன். அங்கே காலி மும்மொழிச் சாசனம் வைக்கப்பட்டிருக்கின்றது. ஏறக்குறைய நாலே முக்கால் அடி உயரமும், இரண்டரை அடி அகலமுமுள்ள கற்பலகை அது. மேல் விளிம்பு வளைந்திருக்கும். அதிலே இரண்டு பறவைநாகங்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டுள்ளன. வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். 1911 ஆம் ஆண்டிலே காலி நகரில், ஒரு மதகை மூடும் கல்லாகக் கிடந்த இதனைத் தோமலின் என்னும் பொறியியலாளர் கண்டெடுத்தார். பேரரசர் ஒருவரின் சாசனத்தின்மேல் எத்தனை ஆண்டுகள் மாட்டுவண்டிகள் உருண்டனவோ!

சீனப் பேரரசர் யுங்லோவின் ஆணைப்படி, கடற்படைத் தலைவர் செங் ஹோ கப்பலேற்றிக் கொண்டுவந்த கல் இது. 1409 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 15 ஆம் நாளுக்கு நேரான சீனத் தேதி அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி திருமாலின் கோலமாகிய தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறிக்குமாகக் காணிக்கை கூறுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000 எனத் தொடங்கிப் பட்டு, நறுநெய் என நீளும் அந்தப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. எவர் மனமும் நோகாதபடி மூவருக்கும் ஒத்த அளவில் வரிசை வைத்திருக்கிறார்கள். (அந்தப் படையே இரண்டாண்டுக்குள் இலங்கையரசன் ஒருவனைச் சிறைபிடித்துச் சென்றது வேறு கதை.)

நான் தமிழ்ப் பகுதியைச் சுட்டி, “பார்த்தீர்களா, சீனத்து வேந்தனும் தமிழில் எழுதினான்!” என்று பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பொழுது பின்வரிசையிலே நின்ற ஒரு சிறுவன், “ஐயா, கீழே இருப்பது என்ன?” என்று கேட்டான். “அது ஏதோ அரபு எழுத்து, தேய்ந்துவிட்டது. உமக்கு அது வேண்டியதில்லை” என்று சொல்லி அடுத்த கூடத்துக்கு நடந்துவிட்டேன். அச்சிறுவன் அந்தக் கல்லையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுத்து அரபு வழியது, மொழியோ பாரசீகம். இது எனக்குத் தெரியாததன்று. தமிழைப் பற்றிய பெருமையிலே மற்றதை ஒதுக்கிவிட்டேன், அவ்வளவுதான். இஸ்லாமியருக்கு எழுதும்பொழுது அரபிலே எழுதாமல் பாரசீகத்தில் ஏன் எழுதினான் சீனன்? விடை தேடப் புகுந்தேன். அக்காலத்திலே ஆசியக் கரைகளின் வணிகருக்கும் அரசவைகளுக்கும் பாரசீகம் ஒரு பொதுமொழியாய் விளங்கியது. 1407 இல் சீன அரசு நிறுவிய மொழிபெயர்ப்புக் கழகத்திலும் அது கற்பிக்கப்பட்டது.

சீனத்திலே அவ்வாறிருக்க, நம் யாழ்ப்பாணத்து அரசனுக்கே பாரசீகம் விளங்கியது என்றால் வாசகர் நம்புவரோ? இதைச் சொல்பவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா. அவர் 1344 இல் புத்தளக் கரையில் இறங்கி, அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். மன்னன் பாரசீக மொழியை அறிவான் என்றும், பல நாட்டு மன்னரைப் பற்றிய செய்திகளைக் கேட்டு மகிழ்ந்தான் என்றும் தம் பயண நூலில் எழுதிவைத்தார். ஷிராஸையும் இஸ்பஹானையும் நேரிற் கண்டுவந்தவர் அவர். நான் படங்களிற் பார்த்த நகரங்களைப் பற்றி, தமிழ் மன்னன் ஒருவன் முத்துக் குவியல்களுக்கு அருகிலிருந்து, இடையில் மொழிபெயர்ப்பாளன் இன்றிக் கேட்டறிந்திருக்கலாம்!

விருந்தாளி வேண்டியது ஒன்றே: சிவனொளிபாத மலையை ஏறிக் காணவேண்டும். இஸ்லாமியர் அதனைப் பாவா ஆதம் மலை என்று போற்றுவர். மன்னன் பல்லக்கும், வழித்துணையாக யோகியரையும் பிராமணரையும் கொடுத்தனுப்பினான். அந்தப் பாதையை முதன்முதற் கண்டவர் ஷிராஸ் நகரத்து ஞானியாகிய இபுனு கபீப் என்கிறார் பதூதா. அவர் 982 இல் மறைந்தவர்; அவருடைய அடக்கத்தலம் ஷிராஸிலே இருக்கின்றது. அவரைப் பற்றி வழங்கிய கதையையும் பதூதா எழுதுகின்றார். ஞானியும் சீடர்களும் மலைக்காட்டில் வழிதவறினர். பசி பொறுக்காத சீடர்கள், ஞானி தடுத்தும் கேளாது, ஒரு யானைக்கன்றைக் கொன்று தின்றனர். இரவிலே யானைகள் கூடிவந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஞானியையும் முகர்ந்தன, தின்னாதவர் என்று அறிந்து, ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகிலேற்றி, மனிதர் வாழும் இடத்தில் இறக்கிவிட்டது. அதுமுதல் இந்நாட்டு மக்கள் இஸ்லாமிய யாத்திரிகரை வீட்டிலேற்றி உபசரித்தனராம். கதை கதையாகவே இருக்கட்டும். ஷிராஸ் நகரத்தான் ஒருவனும் நம் மலைநாட்டு யானையும் ஒரே கதையில் வாழ்கின்றன என்பதே எனக்குப் போதுமானது.

மலையிலிருந்து இறங்கிய பதூதா தெனாவரைக்கும் போனார். பெருங்கோயிலையும், ஆயிரம் பிராமணரையும், பொன்னாலான திருவுருவின் கண்களிலே பதித்த மாணிக்கங்களையும் கண்டார். செங் ஹோவின் கல் காணிக்கை கூறும் கோயில் அதுவே. 1588 இல் போர்த்துக்கேயர் அதனை இடித்தனர்.

சென்ற விடுமுறையிலே திருக்கேதீச்சரம் போயிருந்தேன். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்திலே பாலாவியில் நீராடி, வழிபாடு முடிந்தபின், வழக்கம்போல் மடத்துக்குத் திரும்பாமல் பழைய மாதோட்டத்து மண்மேட்டைச் சுற்றி நடந்தேன். 1980 முதல் 1984 வரை அங்கே ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபொழுது சீனத்துக் கலங்களோடு, நீலப்பச்சை மெருகிட்ட பாரசீக வளைகுடாக் கலவோடுகளும் வெளிப்பட்டன. போர் மூண்டது; வேலை நின்றது. பாரசீகக் கரையிலே சீராப் என்றொரு துறைமுகம் இருந்தது. மாடிமேல் மாடியாக வணிகர் வீடுகள் நிறைந்த அந்நகரை 977 இல் ஏழு நாள் நிலநடுக்கம் குலைத்தது. அங்கே 1966 முதல் 1973 வரை அகழ்ந்தார்கள். மாதோட்டமும் பதினோராம் நூற்றாண்டளவில் ஒளி மங்கியது. கடலின் இருகரையிலும் இரண்டு பாழூர்கள். மேட்டின்மேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், “என்னத்தைத் தேடுறியள் ஐயா?” என்று கேட்டான். பாரசீகத்தைத் தேடுகிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனையில் என்னோடு கற்பிக்கும் மௌலவி ஒருவர் இப்பொழுது எனக்குப் பாரசீக நெடுங்கணக்கைப் பழக்குகின்றார். அரபு எழுத்தோடு பாரசீகர் நான்கு எழுத்துக்களைக் கூட்டிக்கொண்டனர். தமிழ் ஒலிகளுக்காக நம் முஸ்லிம் முன்னோரும் அரபுத்தமிழிலே அவ்வாறே கூட்டிக்கொண்டனர் என்று அவர் காட்டியபொழுது, ஐம்பது கடந்த நான் சிறுவனைப்போல் மகிழ்ந்தேன்.

அந்தப் பின்வரிசை மாணவனைத் தனியே அழைத்து, அன்று நான் சொன்னது பிழை என்றேன். “அப்ப அது என்ன மொழி, ஐயா?” என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மௌலவியும் அவனும் நானுமாக நூதனசாலைக்குப் போகிறோம். கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடப்பதாக ஏற்பாடு. பென்சிலும் தாளும் அவன் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றான்.