பிளாஷ் அடித்தால் அலங்காரம் ‘அவுட்’!

விழுப்புரம்,

ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கட்டிய மணவறை. மல்லிகைச் சரம், சாமந்தித் தோரணம், சீரியல் பல்பு என்று ஜொலிக்கிறது. முகூர்த்தம் முடிந்து பந்தி எழுந்ததும் எல்லாவற்றையும் பிரித்து விடுவார்கள். பூ குப்பைக்குப் போகும். மிஞ்சுவது போட்டோ ஒன்றுதான்.

அந்தப் போட்டோவைக் காட்டித்தான் அலங்காரக்காரர் அடுத்த ‘ஆர்டர்’ பிடிக்க வேண்டும். அதில் மணவறை வெளுத்துப் போயிருந்தால்? பிழைப்பு போச்சு! விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் முகூர்த்த நாளில் இதே கதைதான்.

குற்றவாளி யார்?

பிளாஷ்தான்! தூரம் 2 மடங்கானால் அதன் வெளிச்சம் 4-ல் 1 பங்காகி விடும். முன்னால் உள்ள பூ வெளுக்கும். பின்னால் உள்ள திரை இருண்டு விடும். சின்ன பல்புகளின் மினுமினுப்பும் ‘மாயம்’.

இருக்கிற வெளிச்சமே போதும். ஆனால் கையில் பிடித்தால் காமிரா ஆடும். முக்காலி ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். ‘ஐ.எஸ்.ஓ.’ 100, துவாரம் ‘எப்-8’, ஷட்டர் அரை வினாடி என்று தொடங்கலாம். படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பட்டனை விரலால் அழுத்துவதை விட 2 வினாடி டைமரில் விடுவது நல்லது.

டியூப் லைட்டும் குண்டு பல்பும் கலந்தால் நிறம் குழம்பும். டியூப் லைட்டை அணைக்கச் சொல்லுங்கள். பிலிம் காலத்தில், பகல் வெளிச்சத்துக்கான கலர் பிலிமில் குண்டு பல்பு வெளிச்சம் ஆரஞ்சாக விழும். கழுவி வந்த பிறகுதான் குட்டு தெரியும். இப்போது அங்கேயே பார்த்துச் சரி செய்து விடலாம்.

கூட்டம் வந்து விட்டால்?

அரை வினாடியில் நடமாடும் ஆட்கள் கலங்கித் தெரிவார்கள். ‘ஐ.எஸ்.ஓ.’வைக் கூட்டி ஷட்டரை வேகமாக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். நம் ஊர் மின்சாரம் 50 சைக்கிள். விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் அதைவிட வேகமானால் சில எல்.இ.டி. விளக்குகளில் படத்தில் கோடு கோடாக விழும். 50-ல் 1 அல்லது 100-ல் 1 வினாடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், மண்டபம் காலியாக இருக்கும் நேரம்தான் முக்கியம். முதல் நாள் மாலை வரவேற்புக்கு ஆள் வருவதற்கு முன்பு, வீடியோ லைட் போடுவதற்கு முன்பு.

கல்யாண வீட்டுக்காரர்களே! போட்டோக்காரர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் “என்னப்பா, பிளாஷ் இல்லையா?” என்று விரட்டாதீங்க. 10 நிமிஷம் கொடுங்க. உங்க வீட்டு மணவறை அப்படியே ஆல்பத்தில் நிற்கும்!