பிக்கப் வண்டியின் டயர்

மோட்டார் வண்டியில் ஏறுவோர் அதன் யந்திரத்தின் வலிமையையும், மேற்பூச்சின் அழகையும், ஆசனத்தின் சுகத்தையும் நோக்குவர். டயரை நோக்குவார் மிகச் சிலரே. ஆயினும் வண்டிக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பெல்லாம் ஒவ்வொரு டயரின் அடியிலும் உள்ளங்கையினும் சற்றே பெரிதான பரப்பில் அடங்கியிருக்கிறது. ஓடுதலும், திரும்புதலும், நிற்றலும் அச்சிறு பரப்பைப் பொறுத்தனவே. இஃது எல்லா வண்டிகளுக்கும் பொதுவெனினும், முன்னே ஆட்களையும் பின்னே திறந்த தட்டில் பாரத்தையும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளுக்குச் சிறப்பாக உரியது. ஆதலின் அவற்றின் டயர்கள் கெடுவது எங்ஙனம், அக்கேட்டைத் தடுப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் அறியத்தக்கது யாதெனில், வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அன்று. அதனுள் அடைபட்ட காற்றே. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மிஞ்சி வளைந்து நிமிரும். ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தின் அது சூடேறுவதை நாம் கண்டிருக்கிறோம். டயரும் அங்ஙனமே சூடேறும். பாரமும், விரைவும், வெயிலும் அச்சூட்டை மிகுவிக்கும். ரேடியல் டயரில், தரையைத் தொடும் மேற்பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பிகளாலான பட்டைகள் ஒன்றன்மேலொன்றாக ரப்பரால் பிணைக்கப்பட்டுள்ளன. சூடு அப்பிணைப்பைத் தளர்த்தும். பட்டையின் ஓரத்தில் தோன்றும் நுண்ணிய வெடிப்பு நாளடைவில் உள்ளே பரவி, முடிவில் மேற்பகுதி முழுவதும் உரிந்து பறக்கும். வெளியே யாதொரு குறியும் தோன்றாமல் இக்கேடு உள்ளே வளரக்கூடும் என்பதே பேரபாயம்.

இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். போர்டு கம்பெனியார் ரேஞ்சர் என்னும் தம் பிக்கப் வண்டியின் அமைப்பைத் தழுவி எக்ஸ்புளோரர் என்னும் வண்டியைச் செய்தனர். இவ்விரண்டிலும் பயர்ஸ்டோன் டயர்கள் பூட்டப்பெற்றன. அவற்றுட் சில வகைகள், வெப்பம் மிக்க டெக்ஸாஸ், அரிஸோனா, பிளாரிடா முதலிய மாகாணங்களில், விரைந்து ஓடுகையில் உரிந்தன. வண்டிகள் கவிழ்ந்தன, 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏறக்குறைய 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பெற்றன. எக்ஸ்புளோரருக்குப் போர்டு கம்பெனியார் விதித்திருந்த காற்றழுத்தம் சதுர அங்குலத்திற்கு 26 ராத்தல்; டயர் கம்பெனியாரோ 30 ராத்தல் வேண்டுமென்றனர். வண்டியின் மீது டயர்காரரும், டயரின் மீது வண்டிக்காரரும் குற்றம் சாட்டினர். அவ்வழக்காடலால் இறந்தோர் மீண்டாரல்லர். எனினும் அவ்வாண்டே புதிய சட்டம் ஒன்று பிறந்தது. அதன் பயனாகக் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு அந்நாட்டுப் புதிய வண்டிகளில் கட்டாயமாயிற்று.

அவ்விளக்கு ஒன்றையே நம்புதல் தகாது. விதித்த அழுத்தத்தில் காற்பங்கு குறைந்த பின்னரே அஃது எரிதல் வேண்டுமென்பது விதி. 36 ராத்தல் வேண்டிய டயர் 27-க்கு இறங்கும் வரையில் அது வாளாவிருக்கக்கூடும். ஆதலின் மாதம் ஒருமுறையும், நெடும்பயணத்திற்கு முன்னும், டயர் குளிர்ந்திருக்கும்பொழுது அழுத்தமானியால் அளந்தறிக. வேண்டிய அளவு ஓட்டுநர் பக்கத்துக் கதவின் அருகே ஒட்டிய தாளில் உள்ளது. டயரின் சுவரில் பொறித்திருப்பது அதன் உச்ச எல்லையேயன்றி அவ்வண்டிக்குரிய அளவன்று. சூடான டயரில் அழுத்தம் உயர்ந்திருப்பது கண்டு காற்றை இறக்கிவிடுதல் தவறு.

பிக்கப் வண்டி இன்று வெறுமையாக ஓடும். நாளை நிரம்ப ஏற்றப்படும். ஏற்றிய பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மீதே விழும். தட்டில் இடமிருக்கிறதே என்று பாரத்தை ஏற்றலாகாது. விதித்த எல்லையே அளவு. டயரின் வகையும் நோக்கத்தக்கது. பயணிகள் வண்டிக்கென்று செய்த டயரைப் பிக்கப்பில் பூட்டினால், அதன் பாரத்திறனை 1.10-ஆல் வகுத்துக் குறைத்துக் கொள்ளவேண்டும் என்பது அமெரிக்க விதி.

டயருக்கு வயதும் உண்டு. அதன் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருப்பின் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்பது பொருள். ஒருநாளும் ஓடாத மாற்று டயரும் மூப்படையும். வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் டயரை மாற்றியே தீரவேண்டும். இரண்டே புதியன வாங்கின், அவற்றைப் பின்புறம் பூட்டுதலே நன்று.

ஓடுகையில் டயர் உரிந்தாலோ வெடித்தாலோ, கலங்கிப் பிரேக்கை அழுத்துதலும் சக்கரத்தைச் சடுதியில் திருப்புதலும் வண்டியைக் கவிழ்க்கும். சுக்கானை உறுதியாகப் பிடித்து, நேர்வழி தவறாது, விசையை மெல்லத் தளர்த்தி, வேகம் தானே குறைந்தபின் ஓரங்கட்டுதலே முறை.

மயிலிறகாயினும் அளவின்றி ஏற்றின் அச்சு முறியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று அச்சோ வலிது. காற்றோ கண்ணுக்குப் புலப்படாதது. அதனை அளந்தறிய ஐந்து நிமிஷம் போதும். அவ்வைந்து நிமிஷத்தைச் செலவிட மறுப்போர் தம்முயிரை மாத்திரமன்று, எதிரே வருவோர் உயிரையும் பணயம் வைக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.