முதுமையுற்ற விலங்குகளிற் புற்றுநோயை அறியுமாறு

நீண்ட ஆயுள் பெரும்பேறென்பர். ஆயினும், அப்பேற்றினைத் தொடர்ந்துவரும் துன்பங்களும் உள. அவற்றுள் ஒன்று புற்றுநோய். காட்டில் வாழும் விலங்குகளுட் பல, மூப்பெய்து முன்னரே சிறுத்தைக்கோ பசிக்கோ இரையாகின்றன. மனிதர் காவலில் வாழ்வனவோ முதுமை காண்கின்றன. அதனோடு இந்நோயையும் காண்கின்றன.

விலங்குக்காட்சிச் சாலைகளில் வாழ்ந்த 191 இனப் பாலூட்டிகளின் பதிவுகளை ஆராய்ந்த அறிஞர், தம் முடிபுகளை 2022ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஊனுண்ணிகளுக்கு இந்நோய் மிகுதியென்றும், மான், மாடு முதலிய இரட்டைக் குளம்பினங்களுக்கு மிகக் குறைவென்றும் அவர் கண்டனர். திருக்கோணமலைக் கோட்டையினுள் உலவும் புள்ளிமான்கள் இவ்வகையிற் பேறுபெற்ற இனத்தனவே.

எம் பாலையூற்று இல்லங்களிற் சிறார் விரும்பி வளர்க்கத்தக்க முயலின் நிலையோ வேறு. ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகவுடைய இவ்வினத்தில், நான்கு வயது கடந்த பெண்முயல்களைக் கருப்பைப் புற்று பெரிதும் பற்றுகின்றது. பிற விலங்குகட்கு இரையாகும் இனமாதலின், முயல் தன் நோவினை மறைத்தே வாழும். சிறுநீர் சிவத்தல் இந்நோயின் முதற்குறியாகலாம். ஆனால், உண்ட இலைகளின் நிறப்பொருளாலும் முயலின் சிறுநீர் சிவப்பதுண்டு. இரத்தமோ நிறமோ என்பதைச் சோதனைத் தாளினால் எளிதில் தெளியலாம்.

இரத்தமெனின், மிருக வைத்தியர் வயிற்றைத் தடவிக் கட்டியுண்டோவெனப் பார்ப்பர். மீயொலிப் படத்தினாற் கருப்பையை நோக்குவர். நோய் சுவாசப்பைக்குப் பரவுமியல்பினதாதலின், மார்பினை எக்ஸ்கதிர்ப் படமெடுத்தலும் இன்றியமையாதது. இறுதித் தீர்ப்பு நுணுக்குக்காட்டிக்கே உரியது. கட்டியின் இழையத்தை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமூட்டி, கலங்களின் வடிவை நோக்கியே புற்றோ அன்றோவெனத் துணிவர். கட்டிகளெல்லாம் புற்றல்ல, மூத்த எலிகளின் முலைக்கட்டிகளுட் பெரும்பாலன தீங்கற்றவையே.

சத்திரசிகிச்சைக்கு முன் நாயைப் பட்டினியிடுவது வழக்கம். முயலை அவ்வாறு செய்யலாகாது. முயலுக்கு வாந்தியெடுக்க இயலாது. உணவு நின்றாற் குடலியக்கமும் நின்றுவிடும்.

நோய் கருப்பையளவில் நிற்கும்போதே அதனை அகற்றின் முயல் பிழைக்கலாம். சுவாசப்பையை எட்டியபின் செய்யத்தக்கது சிறிதே. இளமையிலேயே கருப்பையை அகற்றுவிப்பின் அந்நோய்க்கு இடமேயில்லை. ஆதலின், முயல் வளர்ப்போர் வாரந்தோறும் அதனை நிறுத்து எடையைக் குறித்து வைத்தல் நன்று. வாய்பேசா உயிரின் நோவினை முதலில் உரைக்கவல்லது அக்குறிப்பேடே. எடை குறையுமாயின், நாளை பார்ப்போமென்று வாளாவிருத்தல் தகாது.