மூடியில் ஒரு சாளரம்

தாய்ச்செடியின் தளிர்நுனியிலிருந்து கடுகளவு திசுவை அறுத்தெடுத்து, கிருமி நீக்கிய கண்ணாடிப் புட்டியில் அகர்க் கூழின்மீது வைத்து, ஒன்றை நூறாகவும் நூறைப் பல்லாயிரமாகவும் பெருக்குகின்ற திசு வளர்ப்புக் கலையில், விஞ்ஞானிகள் நெடுங்காலம் தம் கவனத்தையெல்லாம் செடிக்கு ஊட்டவேண்டிய ஆகாரத்தின் மீதே செலுத்தி வந்தனர். 1962ஆம் ஆண்டில் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்கென வகுத்த உப்புக் கலவை இன்றளவும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் வழங்கி வருகிறது. அந்த ஆகாரத்தைத் தாங்கி நிற்கும் புட்டியைப் பற்றி, கிருமி புகாமல் காப்பதற்கு அப்பால் யோசித்தவர் சிலரே.

கிருமி புகாதவாறு இறுக மூடினால் காற்றும் புகாது என்பதே சங்கடத்தின் மூலம். உள்ளே ஈரப்பதம் ஏறக்குறைய நூறு சதவீதத்தில் நிற்பதால், இலைமேல் மெழுகுப் படலம் சரிவரப் படிவதில்லை. இலைத்துளைகள் வேண்டும்போது மூடிக்கொள்ளப் பழகுவதில்லை. சில செடிகள் நீர்கோத்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, தொட்டால் ஒடிகின்றன. திசுக்களே வெளிவிடும் எத்திலீன் வாயுவும் போக்கிடமின்றித் தேங்கி வளர்ச்சியைக் குலைக்கிறது. இவ்வாறு வளர்ந்தவற்றை மண்ணுக்கு மாற்றியதும் பல வாடி மடிகின்றன. அதைச் செடியின் பலவீனமென்று கொள்வது நியாயமன்று, குற்றம் புட்டியினுடையது.

ஜப்பானில், சிபா சர்வகலாசாலையைச் சேர்ந்த டொயோகி கோசாயும் அவருடைய சகாக்களும் 1980களில் புட்டிக்குள் அடைபட்ட காற்றையே அளந்து பார்த்தபோது, விளக்கேற்றிய சிறிது நேரத்துக்குள் அதிலுள்ள கரியமிலவாயு, வெளிக்காற்றில் உள்ளதைவிட மிகவும் தாழ்ந்துவிடுவதைக் கண்டனர். புட்டிச்செடிக்குத் தானே உணவு சமைக்கும் சக்தி கிடையாது, ஆகவே சர்க்கரை ஊட்டியே தீரவேண்டும் என்று அதுகாறும் நிலவிய கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. சமையலுக்கு வேண்டிய மூலப்பொருள் அன்றோ அதற்குக் கிட்டாதிருந்தது!

பரிகாரம் வியக்கத்தக்க அளவு எளியது. மூடியில் துளையிட்டு, நுண்ணுயிரைத் தடுத்து வாயுவை மட்டும் விடுகின்ற நுண்துளைச் சவ்வை அதன்மீது ஒட்டி, அறைக்காற்றில் கரியமிலவாயுவை உயர்த்தி, ஒளியையும் மிகுத்தால், பச்சை இலை கொண்ட செடிகள் சர்க்கரையற்ற ஊடகத்திலேயே செழிக்கின்றன.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதன் மற்றொரு விளைவு. சர்க்கரை உள்ளவரை, தப்பித்தவறி நுழைந்த ஒரே பூஞ்சை வித்துப் புட்டி முழுவதையும் நாசமாக்கிவிடுமாதலால், நஷ்டம் ஒரு புட்டியோடு நிற்பதற்குச் சிறிய புட்டிகளே உகந்தவையாக இருந்தன. சர்க்கரை நீங்கவே அந்த அச்சமும் வெகுவாகக் குறைந்து, தட்டுத்தட்டாகச் செடிகளை அடக்கும் பெரிய பெட்டிகளை அமைத்து, வடிகட்டிய காற்றை விசையால் உட்செலுத்தி வளர்க்க வழி பிறந்தது. இலை விடாத இளந்திசுவுக்கு மட்டும் சர்க்கரை இன்னும் தேவைப்படுகிறது.