நில்லாமல் செல்லும் நாற்சந்தி

நான்கு தெருக்கள் கூடும் இடத்தை நாற்சந்தி என்பது தமிழ் வழக்கு. சதுக்கம் என்பதும் அதன் பழம்பெயரே. சிலப்பதிகாரம் கூறும் சதுக்கப்பூதம் புகார் நகரில் அத்தகைய இடத்தில்தான் நின்றது. வண்டி மாடுகள் நடந்த காலத்தில் நாற்சந்தி மக்கள் கூடிப் பேசும் இடமாக இருந்தது. ஊர்திகள் விரையும் காலத்தில் அதுவே உயிருக்கு அஞ்ச வேண்டிய இடமாயிற்று.

அச்சத்திற்கான காரணத்தைக் கணக்கிட்டே காட்டலாம். இருவழிச் சாலைகள் இரண்டு ஒரே தளத்தில் சந்திக்குமானால், ஊர்திகளின் பாதைகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32. அவற்றுள் பிரியும் புள்ளிகள் 8, இணையும் புள்ளிகள் 8, குறுக்கே வெட்டும் புள்ளிகள் 16. பெருங்கேடு விளைவிப்பவை இந்தப் பதினாறே. இவற்றிலும் பன்னிரண்டு, இடப்பக்கம் செல்லும் வழக்கமுள்ள நம் நாட்டில், வலப்புறம் திரும்பும் ஊர்திகளால் உண்டாகின்றன. போக்குவரத்து விளக்கு இம்மோதலைக் காலத்தால் பிரிக்கிறது. ஒருவர் செல்ல மற்றவர் காத்திருக்கிறார். பலதளச் சந்திப்போ அதனை இடத்தால் பிரிக்கிறது. ஒரு சாலை மேலேயும் மற்றொன்று கீழேயும் செல்வதால் எவரும் நிற்க வேண்டியதில்லை.

ஆனால், ஒரு பாலம் மட்டும் கட்டிவிட்டால் நேராகச் செல்வோரின் சிக்கலே தீரும். வலப்புறம் திரும்புவோர் என்ன செய்வது? இதற்கு விடையாக அமைந்ததே குளோவர் இலை வடிவம். வலப்புறம் செல்ல வேண்டிய ஊர்தி முதலில் பாலத்தைக் கடந்துவிடுகிறது. பின்னர் இடப்புறமாக 270 பாகை சுழலும் வளையத்தில் சென்று, தான் விரும்பிய சாலையில் இணைகிறது. வலப்பக்கம் செல்ல இடப்பக்கம் சுற்றுவது விந்தையாகத் தோன்றும். எனினும் நான்கு வளையங்கள், இடப்புறம் திரும்புவதற்கான நான்கு சாய்தளச் சாலைகள், ஒரே ஒரு பாலம் ஆகியவற்றால் பதினாறு வெட்டுப்புள்ளிகளும் மறைந்துவிடுகின்றன. அமெரிக்கப் பொறியாளர் ஆர்தர் ஹேல் 1916ஆம் ஆண்டு இவ்வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார். நியூஜெர்சி மாநிலத்தின் வுட்பிரிட்ஜ் என்னுமிடத்தில் 1929ஆம் ஆண்டு இது அமைக்கப்பட்டது. சென்னைக் கத்திப்பாராவில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலமும் இவ்வகையினதே.

இவ்வடிவத்திற்குக் குறைகளும் உண்டு. ஒரு வளையத்திலிருந்து வெளிவரும் ஊர்தி சாலையில் சேரும் இடத்திற்குச் சற்று அப்பால், அடுத்த வளையத்திற்குள் நுழைய வேண்டிய ஊர்தி சாலையைவிட்டு விலகுகிறது. குறுகிய தொலைவில் இரண்டும் பின்னிப் பிணைவதால், கூட்டம் மிகும்போது வேகம் குன்றும். வளையத்தைப் பெரிதாக்கலாமே எனின், நிலம் இடம் தராது. பாதுகாப்பான வேகத்தை இரு மடங்காக்க வளைவின் ஆரம் நான்கு மடங்காக வேண்டும். நிலமோ ஏறத்தாழப் பதினாறு மடங்கு தேவைப்படும். நகரங்களில் வீடுகளை இடித்தன்றி அவ்வளவு நிலம் கிடைப்பதில்லை. வுட்பிரிட்ஜின் பழைய வடிவம்கூட இன்று அங்கு இல்லை.

நிலத்தில் பரவ இயலாதபோது உயரத்தில் அடுக்கும் முறை தோன்றியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1949இல் கட்டி முடிக்கப்பட்டு, 1953இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த நான்கடுக்குச் சந்திப்பு இதற்குச் சான்று. இங்கு வளையங்கள் இல்லை. திரும்பும் ஊர்திகளுக்கெனத் தனிப் பாலங்கள் உள்ளன. வேகம் குறையாது, செலவு மட்டும் பெரிது.

எல்லாச் சந்திப்புகளுக்கும் இத்துணைப் பெரிய அமைப்பு தேவையில்லை. மூன்று சாலைகள் கூடுமிடத்தில் எக்காள வடிவம் போதும். நெடுஞ்சாலையைச் சிற்றூர்ச் சாலை கடக்குமிடத்தில் வைர வடிவம் பொருந்தும். நெடுஞ்சாலை தடையின்றி ஓட, சிறிய சாலையில் மட்டும் விளக்குகள் இருக்கும். இதன் புதுமையான திரிபு ஒன்று பிரான்சில் 1970களிலும், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2009ஆம் ஆண்டும் அமைக்கப்பட்டது. அதில் பாலத்தின் மீது மட்டும் ஊர்திகள் பக்கம் மாறிச் செல்கின்றன. அதனால் நெடுஞ்சாலைக்குத் திரும்புவோர் எதிர்வரும் ஊர்திகளைக் குறுக்கிட வேண்டியதில்லை.

இவ்வமைப்புகள் யாவும் ஊர்தியில் செல்வோரை எண்ணி வரையப்பட்டவை. விளக்கு உள்ள சந்திப்பில் ஊர்திகள் நிற்கும்போது நடந்து செல்வோர் சாலையைக் கடந்துவிடுவர். எவரும் நிற்காத சந்திப்பில் அவர்களுக்கு அந்தச் சில நொடிகளும் கிடைப்பதில்லை. நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ முதல் வரைபடத்திலேயே இடம்பெறாவிடில், எதிரே தெரியும் பேருந்து நிறுத்தத்தை அடைய முதியவர் ஒருவர் நெடுந்தொலைவு சுற்றி நடக்க வேண்டும்; அல்லது ஊர்திகள் விரைந்து இறங்கும் சாய்தளத்தின் குறுக்கே ஓட வேண்டும்.